குடும்பப் பயண மோட்டார்ஹோம்

மோட்டார்ஹோம் என்பது ஓட்டுவதற்கான எந்திரமும் தங்குவதற்கான அறையும் ஒரே உடலில் அமைந்த ஊர்தி ஆகும். படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிவறை, நீர்த்தொட்டி ஆகியன இதில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். தனக்கென எந்திரம் இன்றி, மகிழுந்தின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் வண்டி ஐரோப்பாவில் கேரவன் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஊர்தியைக் கேரவன் என்றே அழைப்பதால் இவ்விரண்டும் ஒன்றெனக் கருதப்படுவதுண்டு. முதன்முறையாக மோட்டார்ஹோம் வாங்கும் குடும்பம் கவனிக்க வேண்டியவற்றை, ஜெர்மனியையும் அதன் அண்டை நாடுகளையும் முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

விற்பனை விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது "எத்தனை பேர் உறங்கலாம்" என்ற எண்ணே ஆகும். ஆனால் ஒரு குடும்பத்திற்கு ஊர்தி பொருந்துமா என்பதை முடிவு செய்பவை வேறு இரண்டு எண்கள். ஒன்று, ஓடும்போது இருக்கைப் பட்டையுடன் அமரத்தக்க இடங்களின் எண்ணிக்கை. மற்றொன்று, சட்டப்படி இன்னும் ஏற்றக்கூடிய எடை. இவ்விரண்டையும் பாராமல் அறையின் அழகைப் பார்த்து வாங்குவதே முதன்முறை வாங்குவோரிடம் பரவலாகக் காணப்படும் பிழை.

வரலாறு

போல்க்ஸ்வாகன் நிறுவனத்தின் டைப் 2 சிற்றுந்து 1950 இல் உற்பத்திக்கு வந்தது. அதனுள் வைத்து எடுக்கத்தக்க மரப்பெட்டி வடிவிலான தங்குமிட அமைப்பை வெஸ்ட்பாலியா நிறுவனம் 1951 இல் அறிமுகப்படுத்தியது. தெற்கு ஜெர்மனியில் எர்வின் ஹைமர் என்பவர் 1957 இல் எரிக் பாகெம் என்ற பொறியாளருடன் இணைந்து முதல் கேரவனை உருவாக்கினார். பின்னாளில் அவரது நிறுவனம் மோட்டார்ஹோம் உற்பத்தியில் பெயர் பெற்றது. பாகெம், இரண்டாம் உலகப் போரின் இறுதியில் நாட்டர் என்னும் ஏவூர்தி வானூர்தியை வடிவமைத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் பாரஸ்ட் சிட்டியைச் சேர்ந்த வின்னபேகோ நிறுவனம் 1966 இல் மோட்டார்ஹோம் உற்பத்தியைத் தொடங்கியது. 1981 இல் வெளிவந்த பியட் டுகாட்டோ சரக்கு ஊர்தி பிற்காலத்தில் ஐரோப்பிய மோட்டார்ஹோம்களின் முதன்மையான அடித்தளமாக மாறியது. முன்சக்கர இயக்கம் கொண்டதால் இதன் பின்பகுதியில் இயக்கத் தண்டு இல்லை. எனவே அறையின் தரையைத் தாழ்வாக அமைக்க முடிகிறது.

வகைகள்

ஐரோப்பாவில் நான்கு வடிவங்கள் வழக்கில் உள்ளன. சரக்கு வேனின் இரும்புக் கூட்டை மாற்றாமல் உள்ளே மட்டும் அறை அமைப்பது வேன் வகை. டுகாட்டோ வேனின் அகலம் கண்ணாடிகள் நீங்கலாக ஏறத்தாழ 2.05 மீட்டர், நகரச் சாலையில் ஓட்ட எளிது. ஆனால் படுக்கை பெரும்பாலும் குறுக்கே அமைவதால் உயரமானவர்கள் காலை மடக்கியே உறங்க நேரிடும். ஓட்டுநர் அறையை வைத்துக்கொண்டு அதன் பின்னால் புதிய உடலைக் கட்டுவது பகுதி ஒருங்கிணைந்த வகை. அதே அமைப்பில் ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை புடைத்து நின்றால் அது ஆல்கோவன் வகை. ஓட்டுநர் அறையையும் சேர்த்து முழு உடலையும் மோட்டார்ஹோம் நிறுவனமே கட்டுவது முழு ஒருங்கிணைந்த வகை. இதுவே பெரும்பாலும் விலை மிகுந்தது. வட அமெரிக்காவின் ஏ, பி, சி என்ற வகுப்புகள் ஏறத்தாழ இவற்றுடன் ஒப்பிடத்தக்கவை: ஏ முழு உடல் கட்டப்பட்டது, பி வேன், சி தலைக்கு மேல் புடைப்புடையது.

குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு ஆல்கோவன் வகை நெடுங்காலமாகப் பரிந்துரைக்கப்பட்டு வருகிறது. காரணம் எளியது. இரவு எட்டு மணிக்குக் குழந்தைகள் மேலே ஏறி உறங்கிவிடலாம். பெற்றோர் கீழே மேசையில் அமர்ந்திருக்கலாம். மேசையை மடக்கிப் படுக்கையாக்கும் அமைப்பில் ஒருவர் உறங்கினால் அனைவரும் உறங்கியாக வேண்டும். மழை பெய்யும் மூன்றாம் நாளில் இவ்வேறுபாடு நன்கு விளங்கும். ஆல்கோவனின் குறை அதன் உயரம்: மூன்று மீட்டரைத் தாண்டுவதால் காற்றுத்தடையும் எரிபொருள் செலவும் கூடும், தாழ்வான பாலங்களிலும் வாகன நிறுத்தக் கட்டடங்களிலும் நுழைய இயலாது.

இருக்கையும் படுக்கையும்

ஆறு படுக்கைகள் கொண்ட ஊர்தியில் நான்கு பயண இருக்கைகள் மட்டுமே இருப்பது வழக்கமான ஒன்று. ஆகவே ஊர்தியின் பதிவு ஆவணத்தில் குறிக்கப்பட்டுள்ள இருக்கை எண்ணிக்கையையே நம்ப வேண்டும். தற்போதைய ஐரோப்பிய விதிகளின்படி, புதிய மோட்டார்ஹோம்களில் பக்கவாட்டை நோக்கிய இருக்கை பயண இருக்கையாக ஏற்கப்படுவதில்லை. பழைய ஊர்திகளில் அத்தகைய நீள் இருக்கைகள் உள்ளன. அவை நிறுத்தியபின் அமர்வதற்கு மட்டுமே பொருத்தமானவை.

ஜெர்மனியில் 12 வயது நிறையாத, 150 செ.மீ. உயரத்தை எட்டாத குழந்தைகளுக்குச் சிறப்பு இருக்கை கட்டாயம். இது மோட்டார்ஹோமுக்கும் பொருந்தும். மகிழுந்தில் எளிதாகப் பொருந்தும் குழந்தை இருக்கை இங்கு பொருந்தும் என்று சொல்ல முடியாது. உணவு மேசையின் முன்னுள்ள நீள் இருக்கையின் சாய்மானம் செங்குத்தாக இருக்கும். மெத்தை தடிமனாக இருக்கும். ஐசோபிக்ஸ் கொக்கிகள் எல்லா ஊர்திகளிலும் இல்லை. தரையை ஊன்றும் தாங்குகால் கொண்ட குழந்தை இருக்கையாயின், அக்கால் ஊன்றும் இடத்தின் கீழே வெற்றுப் பெட்டி இருந்தால் தரை தாங்காது போகலாம். எனவே விற்பனையகத்திற்குச் செல்லும்போது குழந்தை இருக்கையையும் உடன் கொண்டுசென்று பொருத்திப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை ஆகும்.

எடைக் கணக்கு

ஐரோப்பிய ஒன்றியத்தில் மகிழுந்துக்குரிய பி வகை ஓட்டுநர் உரிமம் 3,500 கிலோகிராம் மொத்த எடை வரையே செல்லும். இதனால் குடும்ப மோட்டார்ஹோம்களில் மிகப் பல இவ்வரம்புக்குள் அடங்குமாறு பதிவு செய்யப்படுகின்றன. ஏழு மீட்டர் நீள ஊர்தியும் இதே வரம்புக்குள்தான் நிற்க வேண்டும் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

உற்பத்தியாளர் தரும் குறிப்பேட்டில் "ஓடும் நிலை எடை" என்று ஒன்று இருக்கும். இதில் ஓட்டுநருக்கு 75 கி.கி., எரிபொருள் தொட்டியில் 90 விழுக்காடு ஆகியன ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கும். ஏனைய பயணிகள் சேர்க்கப்படுவதில்லை. குடிநீர்த் தொட்டி 100 லிட்டர் கொள்ளும் என்றாலும், பயணத்தின்போது 20 லிட்டர் மட்டுமே நிரப்பப்படும் என்று உற்பத்தியாளர் அறிவித்து, அவ்வளவையே கணக்கில் சேர்ப்பதும் உண்டு. மேலும் இவ்வெடைக்கு 5 விழுக்காடு வரை கூடவோ குறையவோ விதிகள் இடமளிக்கின்றன.

எடுத்துக்காட்டாக, ஓடும் நிலை எடை 2,960 கி.கி. என்று குறிக்கப்பட்ட ஊர்தி ஒன்றைக் கொள்வோம். இவை விளக்கத்திற்காக எடுத்துக்கொண்ட எண்களே. வரம்பு 3,500 என்பதால் மீதம் 540 கி.கி. பார்ப்பதற்கு இது தாராளமாகத் தோன்றும். மூன்று பயணிகளுக்குத் தலா 75 வீதம் 225 போனால் மீதம் 315. நீர்த்தொட்டியை முழுமையாக நிரப்பினால் கூடுதலாக 80, மீதம் 235. வெளிப்பந்தல் 35, நான்கு மிதிவண்டிகளும் தாங்கியும் 70, இரண்டாவது மின்கலம் 25, இரண்டாவது எரிவளி உருளை 22 எனக் கழித்தால் எஞ்சுவது 83 கி.கி. மட்டுமே. இன்னும் உடை, பாத்திரம், உணவு, போர்வை, மடக்கு நாற்காலிகள், குழந்தை இருக்கைகள், விளையாட்டுப் பொருட்கள் எதுவும் ஏறவில்லை. ஆளுக்கு 50 கி.கி. என்று வைத்தாலும் 200 கி.கி. ஆகிறது. ஊர்தி 117 கி.கி. மிகைச்சுமையுடன் புறப்படுகிறது. குழந்தைகளின் உண்மை எடை 75 இலும் குறைவு என்பது சற்று ஆறுதல். ஆனால் உற்பத்தி வேறுபாடு பாதகமாக அமைந்தால் 2,960 இன் 5 விழுக்காடாகிய 148 கி.கி. அந்த ஆறுதலை விழுங்கிவிடும்.

விதிகள் ஒரு குறைந்தபட்சச் சுமைத்திறனைக் கோருகின்றன. பயணிகளின் எடை போக, பொருட்களுக்கு எஞ்ச வேண்டிய அளவு 10 × (இருக்கைகளின் எண்ணிக்கை + மீட்டரில் நீளம்) கி.கி. ஆகும். நான்கு இருக்கை, ஏழு மீட்டர் என்றால் 110 கி.கி. சட்டத்தை நிறைவு செய்யும் ஊர்தி குடும்பத் தேவையையும் நிறைவு செய்யும் என்று கொள்ள முடியாது என்பதை இவ்வாய்பாடே காட்டுகிறது. பேரத்தின்போது இலவசமாகத் தரப்படும் பந்தல், தொலைக்காட்சி, பெரிய மின்கலம் ஒவ்வொன்றும் இச்சிறு இருப்பிலிருந்தே கழிகிறது.

மிகைச்சுமையின் விளைவு அபராதம் மட்டும் அன்று. நிறுத்தும் தூரம் கூடும், சக்கரப்பட்டை சூடேறி வெடிக்கக்கூடும். சோதனையில் பிடிபட்டால் மிகுதியை இறக்கிய பின்னரே தொடர்ந்து செல்ல அனுமதி கிடைக்கலாம். அதனால் ஊர்தியைப் பயணத்திற்கு ஆயத்தமான நிலையில், குடும்பத்தினர் அனைவரையும் ஏற்றி, எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பது நன்று. ஒவ்வோர் அச்சையும் தனித்தனியே நிறுத்த வேண்டும்.

அச்சைத் தனியே பார்ப்பதன் காரணம் நெம்புகோல் விதியாகும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 4.035 மீட்டர் உள்ள ஊர்தியில், பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் 100 கி.கி. ஏற்றப்படுவதாகக் கொள்வோம். பின் அச்சின் மேல் கூடும் சுமை 100 × 6.035 ÷ 4.035, அதாவது ஏறத்தாழ 150 கி.கி. முன் அச்சிலிருந்து 50 கி.கி. குறைகிறது. ஆகவே மொத்த எடை வரம்புக்குள் இருக்கும்போதே பின் அச்சு தன் வரம்பைத் தாண்டிவிடலாம். முன்சக்கர இயக்கமுள்ள ஊர்தியில் முன் அச்சு இலேசானால் ஈரப் புல்வெளியில் சக்கரம் வீணே சுழலும். பின்புறப் பெரிய சரக்கறையை விற்பனையாளர் பெருமையுடன் திறந்து காட்டும்போது இக்கணக்கை நினைவில் கொள்ளலாம்.

உரிமமும் சாலை விதிகளும்

எடை போதவில்லை என்றால் 3,500 கி.கி. தாண்டிய ஊர்தியைத் தெரிவு செய்வது நேர்மையான தீர்வு. அதற்கு சி1 வகை உரிமம் வேண்டும். ஜெர்மனியில் 1999 க்கு முன் மகிழுந்து உரிமம் பெற்றோரும், ஐக்கிய இராச்சியத்தில் 1997 க்கு முன் பெற்றோரும் 7,500 கி.கி. வரை ஓட்டும் உரிமையைப் பெற்றிருந்தனர். இளைய பெற்றோருக்கு அது இல்லை. 2025 இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய ஓட்டுநர் உரிம ஆணை, கூடுதல் பயிற்சி அல்லது தேர்வின் பேரில் 4,250 கி.கி. வரையுள்ள மோட்டார்ஹோம்களைப் பி வகையில் ஓட்ட வழி செய்கிறது. உறுப்பு நாடுகள் அதைத் தத்தம் சட்டத்தில் சேர்க்கக் கால அவகாசம் அளிக்கப்பட்டுள்ளது.

கனமான ஊர்திக்கு வேறு விலைகளும் உண்டு. ஜெர்மனியின் அதிவேகச் சாலைகளில் 3,500 கி.கி. தாண்டிய மோட்டார்ஹோமுக்கு வேக வரம்பு மணிக்கு 100 கி.மீ. ஆஸ்திரியாவில் சுங்க ஒட்டிக்குப் பதிலாக, கிலோமீட்டர் கணக்கில் கட்டணம் பதியும் கருவியைப் பொருத்த வேண்டும். சுவிட்சர்லாந்தில் கனவூர்திக் கட்டணம் செலுத்த வேண்டும்.

எரிவளியும் மின்சாரமும்

சமையலுக்கும் வெப்பமூட்டலுக்கும் பெரும்பாலும் திரவ எரிவளி பயன்படுகிறது. பியூட்டேன் ஏறத்தாழ 0 பாகை செல்சியசிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் −42 பாகை வரை ஆவியாகும். குளிர்காலத்தில் பயணம் செய்வோர் புரொப்பேன் உருளையையே கொள்ள வேண்டும். உருளையின் இணைப்பு நாட்டுக்கு நாடு மாறுபடும் என்பதால் நீண்ட பயணத்தில் மாற்று இணைப்பிகள் தேவைப்படும்.

குளிர்பதனப் பெட்டி இருவகை. சுவீடனைச் சேர்ந்த பிளாட்டன், முன்டர்ஸ் ஆகியோர் 1922 இல் கண்டுபிடித்த உறிஞ்சல் முறைப் பெட்டியில் அசையும் பாகம் கிடையாது. எரிவளிச் சுடரிலேயே குளிரூட்டும். எனினும் ஊர்தி சாய்ந்து நின்றால் சரிவர இயங்காது. அமுக்கி முறைப் பெட்டி சாய்வைப் பொருட்படுத்தாது, வெயிலிலும் நன்கு குளிரூட்டும். ஆனால் மின்கலத்தை ஓயாது பயன்படுத்தும். மின்கலத்தைப் பொறுத்தவரை, 100 ஆம்பியர்-மணி ஈயமின்கலத்தில் பாதியளவே அதன் ஆயுளைக் கெடுக்காமல் எடுக்க முடியும். இலித்தியம் இரும்பு பாசுபேட்டு மின்கலம் பெரும்பகுதியைத் தருவதுடன் எடையிலும் பாதிக்குக் குறைவு. எடைக் கணக்கு நெருக்கடியாக உள்ள குடும்பத்திற்கு அதன் கூடுதல் விலை பொருளுள்ளதே.

வாடகையும் பழைய ஊர்தியும்

வாங்குமுன் ஒரு வாரமேனும் அதே அமைப்புள்ள ஊர்தியை வாடகைக்கு எடுப்பது பயன் தரும். கோடை விடுமுறையில் வாடகை மிகுதி என்பதால் இலையுதிர் காலமோ வசந்தகாலமோ ஏற்றது. அப்போது வெப்பமூட்டியின் திறனும் தெரியவரும். நால்வர் பயன்படுத்தினால் கழிவறைப் பெட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும் என்பதும், அதை யார் செய்வது என்பதும் இதில் தெளிவாகும்.

பழைய மோட்டார்ஹோமில் எந்திரத்தை விட உடலையே முதலில் ஆராய வேண்டும். சரக்கு ஊர்திக்கான எந்திரம் நெடுந்தூரம் உழைக்கும். ஆனால் சுவர்கள் பலகை, நுரை, மெல்லிய அலுமினியம் ஆகிய அடுக்குகளால் ஆனவை; பழைய ஊர்திகளில் உள்ளே மரச்சட்டமும் இருக்கும். இணைப்புகளில் பூசிய பசை வறண்டால் மழைநீர் புகுந்து சட்டத்தை உள்ளிருந்தே அழுகச் செய்யும். கூரைச் சாளர ஓரம், ஆல்கோவனின் முன்மூலை, பின்சுவரின் கீழ்மூலை, சேமிப்புப் பெட்டிகளின் உட்புறம் ஆகிய இடங்களை விரலால் அழுத்தியும், ஈரமானியால் அளந்தும் பார்க்க வேண்டும். அண்மையில் மட்டும் புதிதாக ஒட்டப்பட்ட சுவர்த்தாளும், கடும் நறுமணமும் ஐயத்திற்குரியவை.

சக்கரப்பட்டையின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண் உற்பத்திக் காலத்தைக் குறிக்கும்: 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம். மோட்டார்ஹோம் ஆண்டின் பெரும்பகுதி நின்றுகொண்டே இருப்பதால் பட்டை தேயாமலே முதுமை அடைந்துவிடும். எரிவளி அமைப்பு ஜெர்மனியில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்கப்படுகிறது. அச்சான்றும், ஆண்டுதோறும் செய்யப்பட்ட நீர்க்கசிவுச் சோதனையின் பதிவேடும் விற்பவரிடம் உள்ளனவா என்று கேட்டுப் பெற வேண்டும்.