மைதானத்தின் மேடுபள்ளம்

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிஷமேனும் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் சிபாரிசு. 146 நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளிடம் திரட்டிய விவரங்களை ஒன்றுசேர்த்து அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் நூற்றுக்கு 81 பேர் இந்தச் சொற்ப அளவைக்கூட எட்டவில்லை. பிரித்துப் பார்த்தால், ஆண்பிள்ளைகளில் எட்டாதவர் நூற்றுக்கு 78 பேர். பெண்பிள்ளைகளில் 85 பேர்.

இக்காலத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டில் சிரத்தை குறைந்துவிட்டது என்றும், கைப்பேசி அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டது என்றும் கண்டிப்பது பெரியவர்களுக்கு எளிது. ஆயினும் சோம்பல்தான் காரணமென்றால், அது ஏழை, தனவந்தர், ஆண், பெண் என்ற பேதம் பாராமல் எல்லாரிடத்தும் ஒரே அளவாகப் பரவியிருக்க வேண்டும் அல்லவா? அப்படிப் பரவவில்லை என்பதற்கு, இத்துறையில் நெடுங்காலமாக ஆராய்ச்சி நடந்துவரும் இங்கிலாந்தின் அனுபவம் நல்ல சான்றாகும்.

விளையாட்டு வளர்ச்சிக்கென அமைந்த அரசாங்க ஸ்தாபனமான ஸ்போர்ட் இங்கிலாந்து, ஆண்டுதோறும் பிள்ளைகளிடையே ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. தகப்பனாரின் சம்பளம் பிள்ளைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகவே, வீட்டில் கார் உண்டா, தனக்கென்று தனி அறை உண்டா, குளியலறைகள் எத்தனை, விடுமுறையில் வெளிநாடு போனதுண்டா என்பன போன்ற கேள்விகளால் குடும்பத்தின் வசதியை மதிப்பிடுகிறார்கள். ஒரு மணி நேர அளவை எட்டுவோர் அங்கேயும் பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவுதான்; அவர்களுள்ளும் வசதி மிகுந்த வீட்டுப் பிள்ளைகள் முந்தியும், வசதி குறைந்தவர்கள் பிந்தியும் நிற்பது ஆண்டு தவறாமல் புலப்படுகிறது.

இதற்கு நேர்மாறாகத் தோன்றும் ஒரு முடிவு, 2003ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. பிளிமத் நகரைச் சார்ந்த ஆய்வாளர்கள், மூன்று ஆரம்பப் பள்ளிகளைச் சேர்ந்த இருநூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் இடுப்பில் அசைவைப் பதியும் சிறு கருவியைக் கட்டிவிட்டு அளந்தார்கள். விசாலமான மைதானங்களுடைய தனியார் பள்ளியில் வாரத்துக்கு 9 மணி நேரம் தேகப்பயிற்சி. மற்ற இரண்டிலும் அது இரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருந்தது. அப்படியிருந்தும், வாரம் முழுவதையும் கூட்டிப் பார்த்தபோது மூன்று பள்ளிப் பிள்ளைகளின் மொத்த அசைவும் ஏறக்குறைய சமமாகவே வந்தது. பள்ளியில் குறைந்ததை, மற்ற இரு பள்ளிப் பிள்ளைகள் வெளியே ஓடியாடி ஈடு செய்திருந்தார்கள்.

இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. பணம் கொடுத்துப் பெறும் அசைவு ஒன்று. பணமின்றிக் கிடைக்கும் அசைவு மற்றொன்று. சங்கத்துக்குச் சந்தாவும், காலுக்குப் பூட்ஸும், சனிக்கிழமை காலையில் காரோட்டி அழைத்துச் செல்ல ஓய்வுள்ள பெற்றோரும் வேண்டியிருக்கும் விளையாட்டில் செல்வம் முந்திக்கொள்கிறது. பிரிட்டனின் பிள்ளைகளில் சுமார் 7 சதவிகிதத்தினரே தனியார் பள்ளிகளில் பயின்றாலும், 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற அந்நாட்டினரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அப்பள்ளிகளில் படித்தவர்கள் என்பது இதன் விளைவே. ஏழைப் பிள்ளைக்கு எஞ்சியிருந்த ஆஸ்தி தெருவும், பள்ளிக்கு நடந்து போகும் வழியுமே.

அந்த ஆஸ்திதான் இப்போது கரைந்து வருகிறது. 1971ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் 7, 8 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றுவந்தார்கள் என்றும், 1990இல் அவ்வாறு சென்றவர்கள் நூற்றுக்கு 9 பேரே என்றும் ஆய்வாளர் மேயர் ஹில்மனும் அவருடைய சகாக்களும் கண்டறிந்தனர். வாகன நெரிசலுக்கு அஞ்சிப் பெற்றோர் கதவைச் சாத்தியபோது, வசதியுள்ள வீட்டுப் பிள்ளை நீச்சல் குளத்துக்கும் டென்னிஸ் வகுப்புக்கும் போயிற்று. வசதியற்ற வீட்டுப் பிள்ளை வீட்டுக்குள் உட்கார்ந்தது.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கலானது. பிரிட்டனில் 7 வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானவர்களைக் கருவி கொண்டு அளந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்பிள்ளைகளில் நூற்றுக்கு 63 பேரும் பெண்பிள்ளைகளில் 38 பேரும் உரிய அளவை எட்டியிருந்தனர். இந்திய வமிசத்துப் பிள்ளைகளில் எட்டியவர்கள் நூற்றுக்கு 43 பேரே. இந்தியாவிலும் வங்காள தேசத்திலும் பிள்ளைகளின் நிலை பல நாடுகளைவிடச் சற்று மேலாகவே காணப்படுகிறதே எனில், ஆண்பிள்ளைகளுக்குத் தெருக் கிரிக்கெட்டும் பெண்பிள்ளைகளுக்கு வீட்டு வேலையும் காரணமாகலாம் என்று 2019ஆம் ஆண்டு ஆய்வாளர்களே அபிப்பிராயப்படுகிறார்கள். குனிந்து பெருக்குவதும் குடம் சுமப்பதும் கணக்கில் சேரும். விளையாட்டின் சந்தோஷமும் தோழமையும் அவற்றால் வாய்ப்பதில்லை.

பரிகாரமாகச் செய்யப்பட்டவற்றில் எளிமையானது, ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரத்துப் பள்ளியொன்றில் 2012இல் தலைமையாசிரியை எலேன் வைலி தொடங்கிய ‘தினம் ஒரு மைல்’ முறை. விசேஷ உடையோ கருவியோ கட்டணமோ போட்டியோ இல்லாமல், பிள்ளைகள் பள்ளி நேரத்தில் 15 நிமிஷம் தத்தம் வேகத்தில் ஓடுகிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் வந்து சேரும் ஒரே பொது இடம் பள்ளியாதலால், இத்தகைய ஏற்பாடு எவரையும் விலக்குவதில்லை. ஆனால் பள்ளியில் பீரியடைக் கூட்டுவது மட்டுமே மொத்த அசைவைக் கூட்டிவிடாது என்பதே பிளிமத் கற்பித்த பாடமாகையால், மாலையில் மைதானத்தின் பூட்டைத் திறந்துவைப்பதும், தெருவில் வாகன வேகத்தைக் குறைப்பதும், பெண்பிள்ளைக்கு வேலையற்ற ஒரு மணி நேரத்தை வீடு விட்டுக்கொடுப்பதும் கூடவே நிகழ வேண்டும். இவற்றைச் செய்யாமல் பிள்ளையின் சோம்பலைக் குறை கூறும் அதிகாரம் பெரியவர்களுக்கு இல்லை.