விமான நிலையம் விரிந்தால் ஊர் வடிகால் ஏன் திணறுகிறது?

திருப்பதி விமான நிலையம் ரேணிகுண்டாவில் இருக்கிறது. 2015 அக்டோபரில் அங்கே புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுபாதையை நீட்டும் திட்டமும் பின்னர் வந்தது. இத்தகைய விரிவாக்கத்தின் சுமை முதலில் தெரிவது வடிகாலில்தான்.

ஒரு ஹெக்டேரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 10 லட்சம் லிட்டர். மண்தரையில் ஒரு பகுதி உள்ளே இறங்கும், மீதி மெல்ல ஓடும். கான்கிரீட்டில் ஏறக்குறைய முழுவதும் உடனே வடிகாலுக்கு வந்துவிடும். 2021 நவம்பர் மழையில் சுவர்ணமுகி ஆறு பெருக்கெடுத்தது. திருப்பதித் தெருக்கள் மூழ்கின, விமான நிலையத்திலும் தண்ணீர் புகுந்தது. பழியை ஓடுபாதை மீது மட்டும் போடுவது நியாயமல்ல. அதே வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்பேட்டை, அகலமான சாலைகள், விடுதிகள் என்று தளம் போட்ட பரப்பு கூடிக்கொண்டே போகிறது. தனித்தனியே பார்த்தால் சிறியவை. சேரும்போது வடிகால் கொள்ளாது. இதுவே திரள் தாக்கம்.

குடிநீரும் அப்படித்தான்: கல்யாணி அணை நீரையும் தெலுங்கு கங்கைக் கால்வாய் நீரையும் நகரமும் கோயிலுக்கு வரும் பக்தர்களும் ஏற்கெனவே பகிர்கின்றனர். கழிவுநீர், குப்பை, போக்குவரத்து ஆகியவற்றின் சுமையும் பயணிகளோடு ஏறும்.

இந்தச் சுமைகளை முன்பே எடைபோட வழி உண்டு. விமான நிலையங்களுக்கு மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் முன்அனுமதி வேண்டும். அதன் விண்ணப்பப் படிவம், திட்டத்தைத் தொடர்ந்து வரக்கூடிய சாலை, குடியிருப்பு போன்ற துணை வளர்ச்சிகளையும் அக்கம்பக்கத்துத் திட்டங்களோடு சேரும் தாக்கத்தையும் கேட்கிறது.