முன்னோர் வந்த வழியை அறிவது எப்படி?

நம் சங்க அங்கத்தினர் இல்லங்களில், "எங்கள் பாட்டனாரின் பாட்டனார் வள்ளியூரிலிருந்து வந்தவர்", "எங்கள் கிளையினர் பாலராமபுரம் போய்விட்டனர்" என்னும் பேச்சு வழிவழியாக வழங்கி வருகிறது. எப்போது வந்தனர், எவ்வழியே வந்தனர், ஏன் வந்தனர் என்று கேட்டால் விடை கூறுவார் சிலரே. பழைய தேசப்படங்களும், சென்ஸஸ் எனப்படும் ஜனக்கணக்கு அறிக்கைகளும் இக்கேள்விகளுக்கு எந்த அளவு விடை தரும், எவ்விடத்தில் நின்றுவிடும் என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

முதற்கண் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். இங்கிலாந்தில் 1841 முதல் வீடுதோறும் பெயர் எழுதப்பட்ட கணக்கேடுகள் பெரும்பாலும் காக்கப்பட்டு, நூறாண்டு கழிந்தபின் மக்கள் பார்வைக்கு வருகின்றன. 1921 ஆம் ஆண்டு ஏடுகள் 2022-இல் வெளிவந்தன. நம் நாட்டில் வழக்கம் வேறு. பெயர் எழுதிய சீட்டுகள் தொகை எடுத்தபின் கழிக்கப்பட்டன. அச்சாகி நிலைத்தவை தொகைகளே. மேலும், 1948 ஆம் ஆண்டு ஜனக்கணக்குச் சட்டத்தின் 15 ஆம் பிரிவு, கணக்கெடுப்போர் எழுதிய ஏடுகளைப் பிறர் பார்வையிட இடந்தரவில்லை. ஆதலின், ஜனக்கணக்கில் முன்னோர் பெயரைத் தேடித் தருவதாகக் கூறிப் பணம் கேட்பாரை நம்புதல் வேண்டா.

பெயர் இல்லையெனில் அவ்வறிக்கைகளால் என்ன பயன்? ஒருவர் தனியே ஊர் மாறினாரா, பலரோடு சேர்ந்து மாறினாரா என்பதை அவை உணர்த்தும். பிறந்த இடத்தையும் தொழிலையும் பற்றிய அட்டவணைகளிலிருந்து, திருநெல்வேலிச் சீமையில் பிறந்து திருவிதாங்கூரில் எண்ணப்பட்டோர் எத்தனை பேர் என்று காணலாம். ஆனால் எல்லாக் கணக்கையும் ஒன்றுபோல் கொள்ளலாகாது. திருவிதாங்கூரின் ஜனத்தொகை 1816-இல் 9,06,587 என்றும், 1854-இல் 12,62,647 என்றும், 1875-இல் 23,11,379 என்றும் கூறப்பட்டது. இருபத்தொரு ஆண்டில் மக்கள் ஏறத்தாழ இரட்டித்தனர் என்பது இயல்பன்று; முந்திய கணக்குகளில் பலர் விடுபட்டனர் என்பதே பொருள். எனவே 1875-க்கு முற்பட்ட தொகைகளை வைத்து, ஓர் ஊரில் குடி பெருகியது அல்லது குறைந்தது என்று முடிவு கட்டலாகாது.

இனித் தேசப்படங்களைப் பார்ப்போம். வார்டு, கானர் என்னும் இரு ஆங்கிலப் படைத்தலைவர்கள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்து படமும் விவரக் குறிப்பும் எழுதினர். அன்று இப்பகுதியில் இருப்புப்பாதை இல்லை. நாகர்கோவிலுக்கு இரயில் வந்ததே 1979-இல்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வருவோர் வள்ளியூர், பணகுடி கடந்து, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தோவாளைக்கும் கோட்டாற்றுக்கும் வந்தனர். மேற்கே செல்வோர் தக்கலை, குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகப் போயினர். பழைய படத்தில் இவ்வூர்களைக் கோடிட்டு இணைத்தால், நெசவாளர் குடியிருப்புகள் பல அக்கோட்டை ஒட்டியே அமைந்திருக்கக் காணலாம்.

பாலராமபுரத்தையே சான்றாகக் கொள்வோம். 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்ம மகாராஜாவின் பெயரால் அமைந்தது அவ்வூர். 1809-இல் திவான் பதவி ஏற்ற உம்மிணித்தம்பி, வள்ளியூர், நாகர்கோவில் பக்கங்களிலிருந்து சாலியக் குடும்பங்களை வரவழைத்து அங்குக் குடியமர்த்தினார் என்பது வரலாறு. இதனைக் கொண்டு வீட்டுக் கதைகளைச் சோதிக்கலாம். "மார்த்தாண்டவர்ம மகாராஜா காலத்தில் பாலராமபுரம் சென்றோம்" என்பார் கூற்றுப் பொருந்தாது. அவர் ஆண்டது 1729 முதல் 1758 வரை. அவ்வாறே, 1960-இல் பிறந்த ஒருவருக்குப் பாட்டனாரின் பாட்டனார் நான்கு தலைமுறை முந்தியவர். தலைமுறைக்கு இருபத்தைந்து முதல் முப்பது ஆண்டு எனக் கொண்டால், அவர் பிறந்தது 1840-க்கும் 1860-க்கும் இடைப்பட்ட காலமாகும். முதற் குடியேற்றத்தில் அவர் சென்றிருத்தல் இயலாது. அவருடைய பாட்டனாரோ, அவருக்கும் மூத்தவரோ சென்றிருக்கலாம்.

தேடுவோர் மூன்று இடர்களை அறிந்திருத்தல் நலம். ஒன்று, ஊர்ப்பெயர். ஆங்கிலேயர் ஆரல்வாய்மொழியை 'அராம்போலி' என்றெழுதினர். எழுத்தைப் பார்த்துத் தேடாமல், ஆற்றையும் குளத்தையும் அடையாளமாகக் கொண்டு தேட வேண்டும். இரண்டு, எல்லை. நாஞ்சில் நாட்டுக் கணக்கு 1941 வரை திருவிதாங்கூர் அறிக்கையிலும், 1951-இல் திருவிதாங்கூர்-கொச்சி அறிக்கையிலும், 1956 நவம்பர் 1-இல் நடந்த இணைப்புக்குப் பின் 1961-இல் சென்னை மாநில அறிக்கையிலும் உள்ளது. அசையாது ஓரிடத்தில் வாழ்ந்த குடும்பமும் ஏட்டில் இருமுறை நாடு மாறியதாகத் தோன்றும். மூன்று, ஆண்டு. பழைய பத்திரங்களில் இருப்பது கொல்லம் ஆண்டு. அது ஆவணியில் பிறப்பது. ஆவணி முதல் டிசம்பர் முடிய 824-உம், ஜனவரி முதல் ஆடி முடிய 825-உம் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1012 ஆவணி என்பது 1836. அவ்வாண்டு ஆனி என்பது 1837. மலையாளத்தில் எழுதிய பத்திரங்களில் சிங்ஙம் என்பது ஆவணி. கும்பம் என்பது மாசி.

படம் வழியைக் காட்டும். ஜனக்கணக்குக் கூட்டத்தைக் காட்டும். அக்கூட்டத்தில் நம் முன்னோர் ஒருவரின் பெயரைக் காட்ட வல்லவை வீட்டுப் பரணில் கிடக்கும் பிரமாணமும், ஒற்றிச் சீட்டும், கரம் தீர்த்த ரசீதும், ஓலையுமேயாம். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கண்டு வெளிப்படுத்தியதனாலன்றோ நாஞ்சில் நாட்டுப் பழஞ்செய்திகள் பல தெரியவந்தன! படிக்கத் தெரியாத எழுத்து என்று பொங்கலுக்கு வீடு துடைக்கும்போது அவற்றை எரிப்பதும், எடைக்குப் போடுவதும் ஆகா. ஒரு சீட்டு அழிந்தால், அதிலுள்ள பெயரை வேறெங்கும் பெற முடியாது.

நிலமுடைய விவசாயியின் பெயரேனும், 1880-களில் தொடங்கி 1911 அளவில் முடிவுற்ற திருவிதாங்கூர் நிலத்தீர்வைப் பதிவேடுகளில் இருக்கக்கூடும். நிலமற்ற நெசவாளிக்கு அதுவும் இல்லை. தறி ஒன்றே உடைமையாகக் கொண்டு வாழ்ந்தவர் எந்தக் கச்சேரி ஏட்டிலும் இடம் பெறாமலே மறைந்தார். இக்குறையைத் தீர்க்க நம் கையிலேயே ஒரு வழி உண்டு. சங்கத்து அங்கத்தினர் பதிவேட்டில் பெயர், தகப்பனார் பெயர், தெரு ஆகியவற்றோடு, குடும்பம் முன்பு இருந்த ஊரையும், வந்த ஆண்டு தெரிந்தால் அதனையும் எழுதி வைப்போமாக. முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதுதல் வேண்டும். நம் பேரர் தேடும் நாளில், அவர்களுக்கு அவ்வேடே சான்றாக நிற்கும்.