எண்ணெய்க் காகிதமும் ஒளியின் பாதையும்

வையம்பட்டியில் மணப்பாறை முறுக்கு வாங்கித் தின்றால் அது சுற்றியிருந்த காகிதத்தை எறிந்துவிடாதீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளியை விடுகிறது அல்லவா? காகித இழையின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5. இழைகளுக்கு இடையே உள்ள காற்றுக்கு 1.00. இந்த வேறுபாட்டால் ஒளி சிதறுகிறது. காற்றிருந்த இடத்தில் 1.47 எண்ணுள்ள எண்ணெய் புகுந்ததும் சிதறல் குறைந்துவிடுகிறது.

ஓபல் கல்லிலும் இவ்வித்தை நடக்கும். உங்கள் திருச்சி மாவட்டத்துத் திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சர் சி. வி. இராமன், அக்கல்லின் வானவில் நிறங்களை ஆராய்ந்து 1953-இல் எழுதினார்; உள்ளே சீரான அடுக்குகள் உண்டு என்றார். அவை சிலிக்கா உருண்டைகளின் அடுக்குகள் என்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கி 1964-இல் காட்டியது. ஒரு மில்லிமீட்டரில் சுமார் 4,000 உருண்டைகள்! ஆய்வகத்தில் செய்த ஓபலின் இடுக்குகளில் நீர் நிரப்பினால் பச்சை, மஞ்சளை நோக்கி நகரும். உலர்ந்தால் மீளும்.

இத்தகைய ஒழுங்கமைப்புக்கு ஒளிப்படிகம் என்று பெயர். சிலிக்கான் தகட்டில் நுண்துளைகளை வரிசை வரிசையாக இட்டும் இதனைச் செய்யலாம். சில அலைநீள ஒளி அதனுள் செல்லவே முடியாது. ஆனால் ஒரு வரிசைத் துளைகளில் மட்டும் திரவம் நிரப்பினால், அங்கே ஒழுங்கு குலைகிறது. ஒளிக்கு அதுவே வாய்க்கால்! செதுக்கிய பாதையை மாற்ற இயலாது. திரவத்தையோ நீக்கிவிட்டு வேறு வரிசையில் நிரப்பலாம். இத்தாலியின் புளோரன்ஸ் நகர ஆய்வாளர்கள் 2006-இல் மிக நுண்ணிய குழாயால் வேண்டிய துளைகளில் மட்டும் திரவம் நிரப்பிக் காட்டினார்கள். நீரானால் ஆவியாகிவிடும் என்பதுதான் தொல்லை.

உங்கள் காகிதத்தில் விரலால் ஒரு நீர்க்கோடு இழுங்கள். அதுவும் ஒளியை விடும். எத்தனை நிமிடத்தில் மறைகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். பக்கத்திலுள்ள எண்ணெய்க் கறை அப்படியே இருக்கும்.