யோர்க் முல்லரின் உரையற்ற படநூலில் நிலமும் பொழுதும்

சுவிட்சர்லாந்து ஓவியர் யோர்க் முல்லர் வரைந்து 1973இல் வெளிவந்த சிறுவர் படநூல் ஒன்று, ஒரு சிற்றூரின் நிலக்காட்சி இருபது ஆண்டுகளுக்குள் உருமாறிப்போவதைக் கதைத்தலைவனும் உரையும் இன்றிக் காட்டுகிறது. இயைபுடன் அமைந்த அதன் செருமன் தலைப்பின் பொருள், 'ஆண்டுதோறும் வந்திறங்குகிறது காற்றழுத்தச் சுத்தியல், அல்லது நிலக்காட்சியின் மாற்றம்' என்பதாகும். தலைப்பின் முதற்சொற்கள், செருமன் மொழிச் சிறுவர் நன்கறிந்த கிறித்துமசுப் பாடல் ஒன்றின் தொடக்கச் சொற்கள். குழந்தை இயேசுவின் வருகையைப் பாடும் இடத்தில் சாலையைப் பிளக்கும் கருவி வந்து நிற்கிறது. இந்த அங்கதம் தலைப்போடு முடிந்துவிடுகிறது. உள்ளே படங்கள் மட்டுமே உள்ளன.

நூல் என்பதினும் உறை என்பதே இதற்குப் பொருந்தும். தைக்கப்படாத ஏழு அகன்ற படத்தாள்களும் ஒரே இடத்தை ஒரே கோணத்தில் காட்டுகின்றன. முதல் தாளின் நாள் 1953 மே 6, புதன். இறுதித் தாளின் நாள் 1972 அக்டோபர் 3, செவ்வாய். இடைவெளி ஏறத்தாழ மூன்றாண்டுகள். கிழமை தாளுக்கு ஒன்றாக நகர்கிறது. பருவமும் இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் எனச் சுழல்கிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் இணைத்தே முதற்பொருள் என்கிறது. முல்லரின் படங்களில் அவ்விணை பிரிகிறது. ஐந்தாம் தாளில் இளவேனில் தவறாமல் மீள்கிறது. ஆனால் முதல் இளவேனிலைத் தாங்கிய ஊர் அங்கு முழுமையாக இல்லை. மண்சாலையும் ஓடையும் வயலும் இருந்த இடத்தில் இறுதியாக எஞ்சுபவை விரைவுச்சாலையும் ஊர்திகளும் பெருங்கடையுமே.

இக்காட்சி கற்பனை ஊருடையது எனினும், பின்னணி உண்மையானது. சுவிட்சர்லாந்தில் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 1958இல் மக்கள் வாக்கெடுப்பு ஒப்புதல் அளித்தது. 1960இல் அதற்கான கூட்டாட்சிச் சட்டம் இயற்றப்பட்டது.

வர்ஜீனியா லீ பர்ட்டனின் 'சின்ன வீடு' (1942) என்னும் அமெரிக்கப் படநூலை இதனுடன் ஒப்பிடுவது பயன் தரும். அங்கும் வயல்வெளியை நகரம் விழுங்குகிறது. ஆனால் வீட்டுக்கு உணர்வு உண்டு. அதைக் கட்டியவரின் வழித்தோன்றல் அதனைப் பெயர்த்து மீண்டும் நாட்டுப்புறத்தில் நிறுவுகிறார். வீடு பிழைக்கிறது; அது விட்டுவந்த நிலத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. முல்லர் அத்தகைய ஆறுதலை வழங்கவில்லை. தாள்களை அருகருகே பரப்பி, முன்னது எங்கே போயிற்று எனத் தேடும் வேலையைக் குழந்தையிடமே விடுகிறார். தனித்தனியே நோக்கின் எந்த மாற்றமும் கொடுமையாகத் தோன்றுவதில்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் வசதிக்காகவே வந்தது. இதுவே இந்நூலின் வலிமை.

ஒரு குறையும் இங்கே சுட்டத்தக்கது. சுத்தியல் தானாக இறங்குவதில்லை. நிலத்தை விற்றவர், வாங்கியவர், திட்டத்துக்குக் கையொப்பமிட்டவர் ஆகியோர் இப்படங்களில் அடையாளம் காட்டப்படுவதில்லை. 1974இல் செருமனியின் இளையோர் இலக்கிய விருதைப் பெற்று வகுப்பறைகளுக்குள் நுழைந்த இத்தாள்களைக் கொண்டு பாடம் நடத்தும் ஆசிரியர், அவர்களைப் பற்றிய கேள்வியைத் தாமே எழுப்ப வேண்டியுள்ளது.