தொழிலகக் கழிவுநீருக்கான உள்ளூர் விதிகள் (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவில் ஆலைகளும் வணிக நிறுவனங்களும் நகரின் பாதாளச் சாக்கடையில் எத்தகைய கழிவுநீரை, எந்த அளவில் விடலாம் என்பதை உள்ளாட்சி விதிகள் வரையறுக்கின்றன. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டமும், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1978இல் வெளியிட்ட முன்சுத்திகரிப்பு விதிகளும் இவற்றுக்கு அடிப்படையாகும்.

தேவை

நகரச் சுத்திகரிப்பு நிலையங்கள் முதன்மையாக வீட்டுக் கழிவுநீருக்காக வடிவமைக்கப்பட்டவை. அங்கு கரிமக் கழிவைச் சிதைப்பவை பாக்டீரியாக்கள். சயனைடு போன்ற நச்சுப் பொருள்கள் மிகுதியாக வந்தால் அவை இறந்து, சுத்திகரிப்பே தடைப்படும். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைப் பாக்டீரியாக்களால் சிதைக்க இயலாது. அவற்றில் ஒரு பகுதி ஆற்றைச் சேரும். எஞ்சியது கசடில் தங்கி, அதை வயலுக்கு உரமாக இடமுடியாதபடி செய்துவிடும். அமிலக் கழிவு சாக்கடைக் குழாய்களை அரிக்கும். சல்பைடுடன் கலந்தால் தொழிலாளர் உயிரைப் பறிக்கும் ஐதரசன் சல்பைடு வளிமம் உருவாகும்.

1981 பிப்ரவரி 13 அன்று கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், சோயா ஆலை ஒன்றிலிருந்து சாக்கடையில் கலந்த ஹெக்சேன் ஆவியாகி வெடித்தது. இரண்டு மைலுக்கும் அதிகமான நீளத்துக்குத் தெருக்கள் பிளந்தன. அதிகாலை நேரமாதலால் உயிரிழப்பு ஏற்படவில்லை.

விதிகளின் அடுக்குகள்

- பொதுத் தடைகள்: 60 பாகை செல்சியசுக்குக் குறைவான வெப்பநிலையில் தீப்பற்றக்கூடிய கழிவு, பி.எச். மதிப்பு 5க்குக் குறைவான அமிலக் கழிவு, குழாயை அடைக்கும் பொருள்கள் முதலியவற்றை விடக்கூடாது.
- தொழில்வாரித் தரங்கள்: மின்முலாம் பூசுதல், தோல் பதனிடுதல் போன்ற தொழில்களுக்கு நாடு முழுவதற்குமான வரம்புகள்.
- உள்ளூர் வரம்புகள்: ஒவ்வொரு நகரமும் தன் நிலையத்தின் திறனுக்கேற்ப வகுப்பவை.

உள்ளூர் வரம்பைக் கணக்கிடல்

ஆறு, கசடு, பாக்டீரியா ஆகிய மூன்றையும் காக்கத் தேவையான அளவுகளுள் மிகக் குறைந்ததே நிலையத்தின் தாங்குதிறனாகக் கொள்ளப்படும். எடுத்துக்காட்டாக, ஒரு நிலையம் நாளொன்றுக்கு 10 கிலோகிராம் துத்தநாகத்தைத் தாங்கும் எனக் கொள்வோம். வீடுகளிலிருந்து 4 கிலோகிராம் வருகிறது; பாதுகாப்புக்காக 1 கிலோகிராம் ஒதுக்கப்படுகிறது. எஞ்சிய 5 கிலோகிராம் மட்டுமே ஆலைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படும். ஓர் ஆலை வரம்பை மீறினால், அது பிற ஆலைகளின் பங்கையே எடுத்துக்கொள்கிறது. இதனால்தான் ஒரே தொழிலுக்கு நகருக்கு நகர் வரம்பு மாறுபடுகிறது.

தண்ணீர் சேர்த்துக் கழிவின் அடர்த்தியைக் குறைப்பது சுத்திகரிப்புக்கு ஈடாகாது. அடர்த்தி குறைந்தாலும் நிலையத்தை அடையும் துத்தநாகத்தின் எடை குறைவதில்லை. எனவே இது தடைசெய்யப்பட்டுள்ளது.

உரிமமும் கண்காணிப்பும்

நாளொன்றுக்குச் சராசரியாக 25,000 கேலன் (சுமார் 95,000 லிட்டர்) அல்லது அதற்கு மேல் உற்பத்திக் கழிவுநீரை வெளியேற்றும் ஆலைகளும், தொழில்வாரித் தரங்களுக்கு உட்பட்டவையும் பொதுவாக உரிமம் பெற வேண்டும். இதன் காலம் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். ஆலைகள் கழிவுநீரை ஆய்வுசெய்து ஆண்டுக்கு இருமுறையேனும் அறிக்கை அளிக்க வேண்டும். வரம்பு மீறப்பட்டது ஆய்வில் தெரியவந்தால் 24 மணிநேரத்துக்குள் தெரிவித்து, மறு ஆய்வு செய்து, 30 நாள்களுக்குள் முடிவை அளிக்க வேண்டும்.

சிறு நிறுவனங்கள்

உணவகங்களின் எண்ணெயும் கொழுப்பும் குழாய்க்குள் உறைந்து அடைப்பை ஏற்படுத்துவதால், அவற்றைப் பிரித்துப் பிடிக்கும் தொட்டியைப் பல நகரங்கள் கட்டாயமாக்கியுள்ளன. பல் மருத்துவமனைகளுக்கு 2017இல் தேசிய விதி வந்தது. பல்லை அடைக்கப் பயன்படும் பாதரசக் கலவையைக் கழிவுநீரிலிருந்து பிரிக்கும் கருவியை அவை பொருத்த வேண்டும்.