பாசிட்டிவ் வந்த வீட்டுக்கும் உரிமை உண்டு

2020 ஏப்ரல் 19-ஆம் தேதி இரவு, கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸின் உடலை ஏற்றிக்கொண்டு ஓர் ஆம்புலன்ஸ் சென்னையில் இடம் தேடி அலைந்தது. கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்யக் கூடாது என்று கூட்டம் தடுத்தது. வேலங்காடு இடுகாட்டுக்குப் போனால் அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. ஓட்டுநர்களுக்குக் காயம். கடைசியில் சக மருத்துவர் ஒருவர், மருத்துவமனை ஊழியர்கள் இருவரோடு திரும்பி வந்து, மண்வெட்டியாலும் வெறுங்கையாலும் மண்ணைத் தள்ளி அவரைப் புதைத்தார்.

கல்லெறிந்தவர்கள் எல்லாம் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் அக்கம்பக்கத்தில் குடியிருந்த ஜனங்கள்தாம். புதைத்த உடலிலிருந்து கிருமி மண்ணுக்கும் காற்றுக்கும் வந்து தங்கள் பிள்ளைகளைத் தொற்றிக்கொள்ளும் என்று நம்பினார்கள். உரிய முறையில் பொதிந்த உடலை அடக்கம் செய்வதால் தொற்று பரவாது, எரித்த சாம்பலால் ஆபத்து இல்லை என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு மாதத்துக்கு முன்பே வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. அந்தத் தாள் வேலங்காட்டுத் தெருக்களை எட்டவில்லை. எட்ட வைக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை அன்று யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை.

மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் இந்த நிகழ்வைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் கண்ணியமான இறுதி அடக்கமும் அடங்கும் என்றது. ஒரு வாரத்துக்குள் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அறிவிக்கப்பட்ட தொற்றுநோயால் இறந்தவரின் அடக்கத்தையோ தகனத்தையோ தடுப்பவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை. அதே வாரத்தில் மத்திய அரசும் 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தியது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 3 மாதம் முதல் 5 ஆண்டு வரையும், கொடுங்காயம் ஏற்படுத்தினால் 7 ஆண்டு வரையும் சிறை என்று ஆனது.

அந்த 1897 சட்டம் பிறந்த கதையை இங்கே சொல்லத்தான் வேண்டும். பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளைக்கார அரசு அவசரமாக எழுதிய நான்கே பிரிவுகள் கொண்ட சட்டம் அது. அதிகாரி என்ன செய்யலாம் என்பது இருக்கும். நோயாளிக்கு என்ன உரிமை என்பதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. புனேயில் சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்து, பெண்கள் இருக்கும் உள்ளறை, பூஜையறை என்று பாராமல் சோதனை போட்டார்கள். ஆத்திரம் முற்றி, பிளேக் அதிகாரி ராண்டை சாபேக்கர் சகோதரர்கள் சுட்டார்கள். நோயைவிட நோய்க்கு வரும் அதிகாரிக்கு ஜனங்கள் அஞ்சினால், நோயை ஒளிப்பார்கள். நூற்று இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, காய்ச்சலை மறைத்துப் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர்களை நாமும் பார்த்தோம். சளிப் பரிசோதனைக்குப் போனால் வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள் என்பதுதான் அவர்கள் பயம்.

தகரமும் ஸ்டிக்கரும் எந்த அளவுக்குச் சட்டப்படியானவை? 2020 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஸ்டிக்கரைப் பற்றிப் பதில் சொன்னது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் தகுந்த அதிகாரி குறிப்பிட்ட ஆணை பிறப்பித்தால் ஒழிய, கொரோனா நோயாளியின் வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டக் கூடாது. ஆகவே வீட்டில் எதையாவது ஒட்ட வந்தால், எந்த ஆணையின் பேரில் என்று கேட்கலாம். ஆணை எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் “சி பிளாக் மூன்றாம் மாடி, பாசிட்டிவ்” என்று போடுவதற்கு எந்த ஆணையும் இல்லை. உடல்நலத் தகவல் ஒருவருடைய அந்தரங்கம். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று 2017-லேயே ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்துவிட்டது. வாடகைக்கு இருக்கும் செவிலியரை வீட்டைக் காலி செய்யச் சொல்வதும் தனியே பார்க்க வேண்டிய குற்றம். திருத்தப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டத்தில் ‘வன்முறை’ என்பதற்கு அடி, உதை மட்டும் பொருளல்ல. அவர் வாழவோ வேலை செய்யவோ முடியாதபடி தொல்லை கொடுப்பதும் அதில் அடங்கும்.

தகவலுக்கு வருவோம். 2020 மார்ச்சில் கோழிக்கறியால் கொரோனா வரும் என்று ஒரு வதந்தி கிளம்பியது. கறிக்கோழி கேட்பாரற்றுப் போனது, நாமக்கல்லில் முட்டை விலை சரிந்தது. ஒரு வைரஸும் செய்யாத நஷ்டத்தை ஒரு ஃபார்வர்டு செய்தது. பேரிடர் பற்றிப் பொய்யான எச்சரிக்கையைப் பரப்பிப் பீதி கிளப்பினால் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். இதைக் காட்டி எல்லாரையும் வாயடைக்க முடியுமா என்றால், முடியாது. இரண்டாம் அலையில் ஆக்சிஜன் கேட்டும் பெட் கேட்டும் சமூக ஊடகங்களில் கதறியவர்கள் மீது சில மாநிலங்களில் நடவடிக்கை பாயத் தொடங்கியது. 2021 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டு, மக்கள் இணையத்தில் வைக்கும் குறைகளைப் பொய் என்று முன்கூட்டியே கருதக் கூடாது, அப்படி உதவி கேட்பவர்களைத் தண்டிக்கவும் கூடாது என்றது. “எங்கள் தெருவில் ஆம்புலன்ஸ் வரவில்லை” என்று எழுதுவது உங்கள் உரிமை. “ஒரு பெரிய டாக்டர் சொன்னார், இந்தக் கஷாயம் குடித்தால் மூன்றே நாளில் குணம்” என்று சரிபார்க்காமல் பத்துக் குழுவுக்கு அனுப்புவதை உரிமை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கபசுரக் குடிநீரை அரசே கொடுத்தது உண்மைதான். அது ஊசிக்கோ ஆக்சிஜனுக்கோ மாற்று என்று யாராவது சொன்னால் அங்கேதான் உஷாராக வேண்டும்.

பீதி பரவும் காலம் மோசடிக்காரர்களுக்கு அறுவடைக் காலம். ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்புகிறேன், ரெம்டெசிவிர் இருக்கிறது, முன்பணம் போடுங்கள் என்று வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிட்டவர்கள் 2021-இல் ஏராளம். இன்று அப்படி ஏமாந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணம் வேறு கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

இனி, மனசுக்குள் நடப்பது. கொரோனாவின் முதல் ஆண்டிலேயே உலக அளவில் பதற்றக் கோளாறும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடின என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது. இந்தப் பயத்தின் குணமே தனி. பாம்பைக் கண்டு பயந்தால் பாம்பு போனதும் பயம் போகும். கண்ணுக்குத் தெரியாத கிருமி போனதா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதனால் மூளை காவலைக் கைவிடுவதே இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் செய்தி, இரண்டு மணிக்கு நெஞ்சு படபடப்பு, நாலு மணிக்குத் தொண்டையைத் தடவிப் பார்ப்பது. இதில் பெரிய சங்கடம், பீதியின் அறிகுறியும் நோயின் அறிகுறியும் ஒன்றுபோலவே இருப்பதுதான். இரண்டிலும் மூச்சு வாங்கும், நெஞ்சு இறுகும். பதற்றத்தால் வரும் மூச்சுத்திணறல் பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சம் தொட்டு மெல்ல அடங்கும், ஆக்சிஜன் அளவு குறையாது. நுரையீரல் பாதித்திருந்தால் நாலு அடி நடந்தாலே கூடும், ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே இறங்கும். அந்த விரல் கருவி பல வீடுகளில் நோயைக் கண்டுபிடித்ததைவிட அதிகமாகப் பயத்தைத் தணித்தது. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விரலை நுழைத்துப் பார்ப்பவருக்கு அதுவே நோய். எந்த நேரத்தில் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு, மற்ற நேரத்தில் அதை அலமாரியில் வைத்துவிட வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் வீட்டிலேயே ஆராய்ந்துகொண்டிருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

செய்திக்கும் அதே கதைதான். நாளில் ஒரு முறையோ இரு முறையோ, குறித்த நேரத்தில், நம்பகமான இடத்தில் பார்த்தால் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொன்னது. கேட்கச் சுலபம், கடைப்பிடிப்பது கஷ்டம். வீட்டில் டிவி எந்நேரமும் ஓடினால் கண் போகத்தான் செய்யும். மாவட்டவாரியாக எண்ணிக்கை ஏறுவதைப் பார்ப்பதால் உங்கள் பாதுகாப்பு ஓர் இம்மியும் கூடாது. மளிகை யார் வாங்கி வருவார், அப்பாவின் சர்க்கரை மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது, ராத்திரியில் மூச்சு முட்டினால் எந்த மருத்துவமனை, யார் வண்டி எடுப்பார் என்று ஒரு தாளில் எழுதி வைப்பதால் கூடும். பதில் தெரியாத கேள்விகள் அப்படியேதான் கிடக்கும். பதில் சொல்லக்கூடியவற்றுக்குச் சொல்லிவிட்டால் தூக்கம் கொஞ்சம் வரும்.

பிள்ளைகளிடம் “ஒன்றுமில்லை” என்று மூடி மறைப்பது வேலைக்கு ஆகாது. பெரியவர்கள் சமையலறையில் கிசுகிசுப்பதை அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்கள் வயதுக்குத் தக்கபடி உண்மையைச் சொல்வதே நல்லது. தனியாக இருக்கும் முதியவர்களுக்குத் தினமும் ஒரே நேரத்தில் வரும் ஒரு போன் பல மருந்துகளுக்குச் சமம்.

இதற்கும் மேலே போய், தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால், குடி கூடினால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால், 14416 என்ற எண்ணை அழைக்கலாம். டெலி-மானஸ் என்ற பெயரில் 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை. நாள் முழுவதும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104-உம் இருக்கிறது. இதைத் தருமம் என்று நினைக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது நிதி தரும் மனநலச் சேவையை நாடும் உரிமையை எல்லாருக்கும் கொடுத்திருக்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. உடல்நோய்க்குக் கொடுக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவருக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு. வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை.

மருத்துவமனை வாசலில் எழும் பயம் பெரும்பாலும் பணத்தைப் பற்றியது. அவசர நிலையில் வந்தவருக்கு உயிர்காக்கும் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பது 1989-லிருந்தே உச்ச நீதிமன்றத்தின் நிலை. கொரோனாவுக்குத் தனியார் மருத்துவமனைகள் வாங்கக்கூடிய கட்டணத்துக்குத் தமிழக அரசு 2020 ஜூனில் உச்சவரம்பு வைத்தது. ஐசியூவுக்கு நாளொன்றுக்கு 15,000 ரூபாய். வரம்பு இருப்பது தெரியாமல் நகையை அடகு வைத்துக் கட்டியவர்களும் உண்டு. அடுத்த முறை எந்த நோய் வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அரசு நிர்ணயித்த கட்டணம் உண்டா என்பது. ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனியாக பில் கேளுங்கள். சிகிச்சைக் குறிப்புகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களின் நடத்தை விதி. பில் பாக்கிக்காக உடலைத் தர மறுக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம் சொல்கிறது. கூடுதலாகப் பிடுங்கிய பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணமின்றி வழக்குப் போடலாம்.

காவல்துறையைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிக் கைது செய்யப்பட்டு, காவலில் அடிபட்டு இறந்தார்கள். ஊரடங்கு ஆணையை மீறுவதற்கு அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவில் இருந்த உச்சபட்சத் தண்டனை 6 மாதச் சிறை, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 2 ஆண்டுதான். இப்போது தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 223-ஆவது பிரிவில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் மீறலுக்கு ஓராண்டு. அதுவும் நீதிமன்றம் விசாரித்துக் கொடுக்க வேண்டியது. நடுரோட்டில் தோப்புக்கரணம் போட வைப்பதற்கும் லத்தியால் அடிப்பதற்கும் எந்தச் சட்டத்திலும் இடமில்லை. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். தடுப்பூசி விஷயத்திலும் ஒரு வரையறை உண்டு. யாருக்கும் வலுக்கட்டாயமாக ஊசி போட முடியாது என்று 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, பொது நலன் கருதி நியாயமான, அளவான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றும் சொன்னது. முதல் பாதியை மட்டும் பரப்பியவர்கள் பலர். நான் ஊசி போட்டுக்கொள்வதே நல்லது என்ற கட்சி.

உரிமைப் பேச்சு அதிகம் உதவாத இடமும் உண்டு. ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு உள்ள தொழிலாளி சந்தா நிபந்தனையை நிறைவு செய்திருந்தால், நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி பெறலாம். கொத்தனாருக்கும் வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கும் பெரும்பாலும் அப்படி எதுவும் இல்லை. அவர்களுடைய பயத்தை மூச்சுப் பயிற்சியால் தீர்க்க முடியாது. தனிமைப்படுத்திக்கொள்ளச் சொல்லும் அரசு, அந்த நாள்களுக்கு அரிசியும் பணமும் கொடுக்க வேண்டும் என்று கேட்பதுதான் அதற்கு மருந்து.

இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் கிடைத்ததுகூடக் கேட்டதால்தான். உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று உத்தரவிட்ட பிறகே 50,000 ரூபாய் முடிவானது. இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று எழுதவில்லை என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி அதை மறுக்கக் கூடாது என்றும், மறுக்கப்பட்டவர்கள் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம் என்றும் அதே ஆண்டு அக்டோபரில் நீதிமன்றம் சொன்னது. முறையிடப் போனவர்களிடம் அந்தக் குழு கேட்டது பரிசோதனை முடிவையும் மருத்துவமனைக் காகிதங்களையும்தான். ஆகவே, காய்ச்சல் வந்த முதல் நாளிலிருந்து கையில் கிடைக்கும் ஒவ்வொரு சீட்டையும் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.